மலைல இருந்து ஸ்கூபா டைவ் போட்டுக்கு (படகுக்கு) பை கட்டுறவங்களுக்கு: எது மக்கர் பண்ணா எங்க பாக்கணும்

நான் குன்னூர். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பாண்டிச்சேரி, ராமேஸ்வரம், எப்பவாச்சும் அந்தமான்னு, முதுகுல சிலிண்டர் கட்டிக்கிட்டு கடலுக்குள்ள போற ஸ்கூபா டைவுக்கு இறங்குவோம், எங்க செட்டுல ஆறு பேரு, மூணு பேர் ஊட்டி, ரெண்டு பேர் கோத்தகிரி. எல்லார் பையையும் கிளம்புறதுக்கு முந்தின நாள் பிரிச்சு பாக்குற வேலை என்னோடது, அந்த வேலை எனக்கு ரொம்ப பிடிக்கும்.

தேடினா கிடைக்கிற பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கடல் மட்டத்துல வீடு வெச்சிருக்கிறவங்களுக்கு எழுதினது. குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானலும் 2,100க்கு மேல. கடற்கரைல இருக்கிற காத்தழுத்தத்துல முக்கால் பங்கு தான் ஊட்டில இருக்கு, போதாததுக்கு மாசக்கணக்குல மூடுபனியும் ஈரமும். நம்ம பைல வர்ற பிரச்சினைல பாதி இந்த ரெண்டுல இருந்து தான் கிளம்புது, மீதி பாதி எல்லா டைவருக்கும் வர்றது. எது எங்க தெரியுதோ அந்த வரிசைலயே எழுதுறேன், உங்களுக்கு என்ன நடக்குதோ அந்த இடத்துக்கு நேரா போயிடுங்க. ஆனா கடைசி ரெண்டு தலைப்பை மட்டும் எல்லாரும் படிங்க.

ரூமுக்கு வந்து பாத்தா கேமரா பெட்டி திறக்கவே மாட்டேங்குது

லாக் போயிடுச்சுன்னு ஸ்க்ரூடிரைவர் எடுத்து நெம்பாதீங்க. ஊட்டில ரப்பர் சீல் வெச்ச பெட்டிய இறுக்கி மூடினீங்கன்னா உள்ள இருக்கிறது ஊட்டி காத்து, பாண்டிச்சேரில வெளிய இருக்கிறது கனமான காத்து, அது மூடிய அமுக்கி பிடிச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவு தான். பெட்டில சின்னதா ஒரு காத்து திருகு இருக்கும், அதை திறந்தா புஸ்ஸுன்னு காத்து உள்ள போகும், மூடி தானா விடும். கிளம்பும்போதே அந்த திருகை லூசா விட்டு கொண்டு வாங்க, கடைசில போட்டுல ஏத்தும்போது இறுக்கிக்கலாம்.

திரும்பி வரும்போது இதுவே தலைகீழா நடக்கும். கீழ வாங்கின சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது பலூன் மாதிரி உப்பிக்கிட்டு நிக்குமே, அதே கதை தான் சன்ஸ்க்ரீன் டப்பாக்கும் மாஸ்க் கண்ணாடில பனி மூடாம இருக்க தடவுற டீஃபாக் பாட்டிலுக்கும், மூடி ஓரமா கசிஞ்சு பை பூரா பிசுபிசுன்னு ஆயிடும். கடற்கரைலயே பிளாஸ்டிக் பாட்டில கொஞ்சம் அமுக்கி காத்தை வெளியேத்திட்டு மூடுங்க, மேல வந்ததும் உப்புறதுக்கு இடம் இருக்கும்.

தண்ணிக்குள்ள போற கேமரா உறை, அதாவது ஹவுசிங், இன்னும் முக்கியம். அது வெளில இருந்து வர்ற அழுத்தத்தை தாங்குறதுக்கு செஞ்சது, உள்ள இருந்து தள்ளுறதுக்கு இல்ல. மூடி ஓரத்துல தண்ணி புகாம தடுக்கிற ரப்பர் வளையத்தை, அதாவது மெயின் ஓ-ரிங்கை, கழட்டி தனியா ஒரு சின்ன டப்பால போட்டு, ஹவுசிங்கை சும்மா மூடி மட்டும் கொண்டு வாங்க, ரெண்டு வழிக்கும் இது தான் பாதுகாப்பு.

டெப்த் கேஜ் முள்ளு பூஜ்யத்துல நிக்கல, கம்ப்யூட்டர் வேற என்னமோ காட்டுது

வீட்டுல பாக்கும்போது ஆழம் காட்டுற இந்த கேஜோட முள்ளு பூஜ்யத்துக்கு கீழ ஒட்டிக்கிட்டு இருந்தா பயப்படாதீங்க, மலைல அப்படி தான் இருக்கும். கீழ இறங்கின பிறகும் பூஜ்யத்துக்கு வரலைன்னா தான் கேஜ்ல கோளாறு, அதை நம்பி இறங்காதீங்க.

கம்ப்யூட்டர்ன்னா டைவ் கம்ப்யூட்டர், ஆழத்தையும் நேரத்தையும் வெச்சு இன்னும் எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருக்கலாம்ன்னு காட்டுறது. அதுல சிலது தானா உயரத்தை கண்டுபிடிக்கும், சிலதுல நாமளே ஏ0, ஏ1, ஏ2ன்னு மாத்தணும். யாராச்சும் வீட்டுல சும்மா நோண்டி மலைக்கு மாத்தி வெச்சிருந்தா கடல்லயும் அதே கணக்குல ஓடும், உங்க நேரம் சீக்கிரம் தீர்ந்த மாதிரி காட்டும். அதுல ஆபத்து இல்ல, ஆனா கூட ஜோடியா இறங்குறவரோட கணக்கு உங்களோட ஒத்து வராது. போட்டுல உக்காந்த பிறகு ஒரு தடவை ஆன் பண்ணி உயரம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க. ஈரத்துல தானா ஆன் ஆகுற மாடல்னா அதை ஈர வெட்சூட்டுக்குள்ள (உடம்பை ஒட்டி போடுற ரப்பர் டிரஸ்) சுருட்டி வைக்காதீங்க, வீடு வர்றதுக்குள்ள பேட்டரி காலி.

போட்டுல ஏறின பத்தாவது நிமிஷமே சாமான் எங்க இருக்குன்னு தெரியல

பெரும்பாலான டைவ் இங்க தான் கெட்டுப்போகுது, சாமான் ரிப்பேரால இல்ல. பாண்டிச்சேரி பக்கம் நம்ம போற போட்டு ஒண்ணும் பெரிய கப்பல் கிடையாது, பெஞ்சு மாதிரி ஒரு பலகை, அதுக்கு கீழ கொஞ்சம் இடம், நடுவுல சிலிண்டர் வரிசை. அதுல ஒருத்தர் டிராலி சூட்கேஸ் கொண்டு வந்து திறந்து வெச்சார்னா நாலு பேரு கால் வைக்க இடம் இருக்காது.

ஊர்ல இருந்து வர்ற பை வேற, போட்டுல ஏத்துற பை வேற. ரெண்டாவது பை வலைப்பையா இருக்கணும், சுருட்டினா கைக்குள்ள அடங்கணும், தண்ணி நிக்காம வடியணும். அதுல அடுக்குறது நீங்க மாட்டுற வரிசைக்கு தலைகீழ். கடைசியா மாட்டுறது ஃபின், அதாவது கால்ல மாட்டுற துடுப்பு, அதனால ஃபின் ரெண்டும் அடில, பையோட ரெண்டு ஓரத்துல நிக்கிற மாதிரி, அது நடுவுல இருக்கிறதுக்கு சுவர் மாதிரி காவல். அதுக்கு மேல மாஸ்க், கெட்டி டப்பாக்குள்ள. அப்புறம் பூட்ஸ், வெட்சூட். எல்லாத்துக்கும் மேல பிசிடி (காத்து ஏத்தி மிதப்பை சரி பண்ற ஜாக்கெட்), அது மடிப்புக்குள்ள ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்தை வாய்க்கு கொண்டு வர்றது), ஏன்னா போட்டுல ஏறினதும் சிலிண்டர்ல முதல்ல பூட்டுறது அது ரெண்டு தான். போட்டு நங்கூரம் போடுறதுக்கு முன்னாடியே, அலை ஆட்டம் கம்மியா இருக்கும்போதே பூட்டி, திறந்து பாத்து, மூடி, சிலிண்டரை கயித்துல கட்டிடுங்க. போட்டு நின்ன பிறகு குனிஞ்சு பைய நோண்டுறவருக்கு தான் முதல்ல வாந்தி வரும், இதை நான் திரும்ப திரும்ப பாத்திருக்கேன். நம்ம கொண்டை ஊசி வளைவுல தலை சுத்துறவங்களுக்கு போட்டுலயும் சுத்தும், மாத்திரைய முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு, ஒரு தடவை வீட்டுல போட்டு பாத்து, தூக்கம் வராததா தெரிஞ்சுக்கிட்டு கொண்டு வாங்க.

ரெகுலேட்டர் ஹோஸை மடக்காதீங்க, பெரிய தட்டு அளவுக்கு வட்டமா சுத்துங்க. ஃப்ளைட்ல போறீங்கன்னா ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், மாஸ்க் மூணும் கைப்பைல, கத்தி செக்-இன்ல, டார்ச் பேட்டரிய கழட்டி கைப்பைல, பவர் பேங்க்கும் அப்படியே. முங்குறதுக்கு இடுப்புல கட்டுற ஈயக்கட்டியும் சிலிண்டரும் யாரும் சுமந்துக்கிட்டு போறதில்ல, ரெண்டும் டைவ் சென்டர்லயே குடுத்துடுவாங்க.

காஞ்சு இருக்கவேண்டிய துண்டு, மாத்து துணி, ஜெர்க்கின், மருந்து இதுக்கு தனியா ஒரு வாட்டர்புரூஃப் உருளைப்பை. ஜெர்க்கின்னு சொன்னா கடலோரத்து ஆளுங்க ஆச்சரியமா பாப்பாங்க, ஆனா ஈர உடம்போட முக்கால் மணி நேரம் காத்துல திரும்பி வரும்போது ஊட்டில போடுற அந்த காத்து புகாத ஜாக்கெட் தான் உதவும். மறுபக்கம், நாம குளிருக்கு பயந்து தடி வெட்சூட் வாங்கிடுறோம், தமிழ்நாட்டு கடலுக்கு 3 மில்லிமீட்டர் தாராளம். 5 மில்லிமீட்டர் போட்டா அது மிதக்கிற மிதப்புக்கு ஈயம் கூட கட்டணும், போட்டுல வெயில்ல வெந்து போவீங்க.

சிலிண்டரை திறந்ததும் கழுத்துல இருந்து உஸ்ஸுன்னு சத்தம்

சிலிண்டர் வால்வு வாய்ல ஒரு ஓ-ரிங் இருக்கும், பத்துல எட்டு தடவை அது தான் காரணம். மூடுங்க, ரெகுலேட்டர்ல வாய்ல வைக்கிற பாகத்துல இருக்கிற பர்ஜ் பட்டனை அமுக்கி காத்தை விடுங்க, கழட்டுங்க, விரலால தடவி பாருங்க. வெட்டு, நசுங்கல், மணல் எது இருந்தாலும் மாத்திடுங்க. நம்ம ஊருல அதிகமா கிடைக்கிற கிளாம்ப் டைப் வால்வுக்கு 014ன்னு ஒரு நம்பர் சைஸ், அதுல அஞ்சாறு வாங்கி பைல போட்டுக்கோங்க, விலை ஒண்ணும் இல்ல. உங்க ரெகுலேட்டர் திருகு டைப்னா, அதாங்க டின் (DIN) அப்படின்னு சொல்லுவாங்களே அது, அடாப்டர் இல்லாம வீட்டை விட்டு கிளம்பாதீங்க. அங்க இருக்கும்ன்னு நினைச்சு போய் ஏமாந்தவங்க எங்க செட்டுலயே உண்டு.

சத்தம் பிரஷர் கேஜ் பக்கம் திருகுற இடத்துல இருந்து வந்தா உள்ள ஸ்பூல்ன்னு ஒரு குட்டி குழாய், அதுல ரெண்டு குட்டி ஓ-ரிங். ஸ்பேர் ஸ்பூல் ஒண்ணும் ரெண்டு ஸ்பேனரும் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை, ஆனா அழுத்தத்தை முழுசா விட்ட பிறகு தான் ஸ்பேனரை தொடணும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது ரெகுலேட்டர்ல சிலிண்டரோட பூட்டுற பாகம், அதோட உடம்புல இருந்தே குமிழி வந்தா போட்டுல கை வைக்காதீங்க, அன்னைக்கு வாடகை ரெகுலேட்டர் வாங்கிக்கோங்க, அது சர்வீஸ்க்கு போக வேண்டியது.

சின்ன டப்பா ஒண்ணு எப்பவும் பைல இருக்கட்டும்: ஓ-ரிங், மாஸ்க் ஸ்ட்ராப், ஃபின் ஸ்ட்ராப், மவுத்பீஸ், கேபிள் டை நாலஞ்சு, ஆலன் கீ, சிலிக்கான் கிரீஸ். ஒருத்தர் கொண்டு வந்தா ஆறு பேருக்கும் போதும், ஆனா அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே பேசி வைங்க, இல்லைன்னா ஆறு பேரும் அடுத்தவர் கொண்டு வந்திருப்பாருன்னு வந்து நிப்பாங்க.

மூச்சு இழுக்கும்போது பிரஷர் முள்ளு ஆடுது

வால்வு முழுசா திறக்கல, அல்லது யாரோ மூடிட்டு கால் சுத்து மட்டும் திறந்திருக்காங்க. மேல நல்லா மூச்சு வரும், ஆழத்துல வராது, அது தான் இதுல கொடுமை. குதிக்கிறதுக்கு முன்னாடி கேஜை பாத்துக்கிட்டே நாலு மூச்சு இழுங்க, முள்ளு அசையாம நிக்கணும். முழுசா திறந்தும் ஆடுச்சுன்னா அந்த டைவ் வேண்டாம்.

பிசிடி தானா உப்புது

பிசிடிக்கு காத்து ஏத்துற இன்ஃப்ளேட்டர் பட்டன்ல உப்போ மணலோ மாட்டியிருக்கு. முதல்ல ஹோஸை கழட்டுங்க, கை அதுக்கு பழகணும். அப்புறம் நல்ல தண்ணில முக்கி பட்டனை இருபது தடவை அமுக்கி விடுங்க. சரி ஆகலைன்னா வாடகை பிசிடி. போன டிரிப்ல கடல்தண்ணியோட அப்படியே வீட்டுக்கு வந்து மூணு மாசம் கிடந்ததோட பலன் இது.

மாஸ்க் பனி மூட்டமா இருக்கு, கழுவினாலும் போகல

புது மாஸ்க்னா கண்ணாடி மேல தொழிற்சாலைல இருந்து வர்ற ஒரு படலம் இருக்கும், வெள்ளை பற்பசை போட்டு உள்பக்கம் நாலஞ்சு தடவை தேச்சு கழுவினா போயிடும். ஜெல் பற்பசை வேண்டாம்.

பழைய மாஸ்க், நேத்து வரைக்கும் நல்லா இருந்தது, இன்னைக்கு மட்டும் மூடுதுன்னா பைய முகர்ந்து பாருங்க. நம்ம ஊருக்காரங்க பைல யூகலிப்டஸ் தைலம் இல்லாம இருக்காது, கீழ இருக்கிற சொந்தக்காரங்களுக்கு வேற ரெண்டு பாட்டில் கொண்டு போவோம். அது ஒரு சொட்டு கசிஞ்சாலும் கண்ணாடில எண்ணெய் படலம், சிலிக்கான் ஓரம் பூரா வாசனை, அது மூக்குல ஏறிக்கிட்டே இருக்கும். கண்ணாடியும் சிலிக்கான் ஓரமும் பேபி ஷாம்பு போட்டு கழுவுங்க. தைலமும் வர்க்கியும் டைவ் பைல வேண்டாம், வேற பைல வரட்டும்.

மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள காது அடைச்சுது, இன்னும் விடல

இது சாமான் கோளாறு இல்லைன்னாலும் இதை பையோட சேர்த்து தான் நான் பாக்குறேன். ஊட்டிக்கும் கடலுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் தண்ணிக்குள்ள ரெண்டரை மீட்டர் இறங்குறதுக்கு கிட்டத்தட்ட சமம். அந்த பதினாலு கொண்டை ஊசி வளைவும் உங்க காதுக்கு ஒரு இலவச டெஸ்ட். எச்சில் முழுங்கினா, மெதுவா மூக்கை பிடிச்சு ஊதினா விட்டுடுச்சுன்னா நல்லது. சளி பிடிச்சு, அடிவாரத்துல இருக்கிற கல்லாறு தாண்டியும் ஒரு காது மந்தமா இருந்தா மறுநாள் டைவ் பண்ணாதீங்க, தைலத்தை முகர்ந்துட்டு இறங்கலாம்ன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. போட்டுல உக்காந்து மத்தவங்களுக்கு சிலிண்டர் மாட்டி குடுங்க, காது மிஞ்சும்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துல வெட்சூட்ல பூசணம், பிசிடிக்குள்ள நாத்தம்

குன்னூர்ல அக்டோபர், நவம்பர்ல துவைச்ச சட்டையே மூணு நாள் காயாது, வெட்சூட்டோட நியோப்ரீன் ரப்பர் எங்க காயும். ஹீட்டர் பக்கத்துல வைக்கிறவங்க இருக்காங்க, அடுப்பு மேல கயிறு கட்டி தொங்க விட்டவங்களும் இருக்காங்க, ரெண்டும் ரப்பரை கெடுக்கும், வெடிச்சு போயிடும். மெல்லிசு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி கொண்டு வர்றது அதைவிட மோசம், உள்ளயே புழுங்கும், போதாததுக்கு நீலகிரில அந்த கவருக்கு தடை, செக்போஸ்ட்ல பைய பிரிச்சு பாத்தாங்கன்னா பதில் சொல்லணும். உருளைப்பை ஒண்ணு வாங்கிடுங்க.

வழி என்னன்னா மலை ஏறுறதுக்கு முன்னாடியே காய வைக்கிறது தான். கடைசி டைவ் முடிஞ்சதும் சென்டர் தொட்டில நல்ல தண்ணில அலசுங்க, ரெகுலேட்டர் டஸ்ட் கேப்பை துடைச்சு காய வெச்சு இறுக்கி மூடின பிறகு தான் முக்கணும், முக்கும்போது பர்ஜ் பட்டனை அமுக்காதீங்க, அமுக்கினா தண்ணி உள்ள போயிடும். பிசிடிக்குள்ளயும் நல்ல தண்ணி விட்டு குலுக்கி கொட்டுங்க, பாதி காத்து ஊதி நிழல்ல தொங்க விடுங்க. கடற்கரை காத்துல வெட்சூட்டை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி ஒரு மத்தியானம் தொங்க விட்டா முக்கால்வாசி காஞ்சிடும், மீதி ராத்திரி ஃபேன்ல. பூசணம் ஏற்கனவே வந்திருந்தா வெதுவெதுப்பான தண்ணில பேபி ஷாம்பு, மெத்துன்னு ஒரு பிரஷ், பொறுமையா.

அவ்வளவு நேரம் யாருங்க கீழ உக்காந்திருப்பாங்கன்னு கேப்பீங்க. உக்காந்து தான் ஆகணும், சாமானுக்காக இல்ல.

டைவ் முடிஞ்சுது, எத்தனை மணிக்கு கிளம்பலாம்ன்னு தெரியல

டைவ் சென்டர்ல எல்லாரையும் "ஃப்ளைட் எப்போ"ன்னு கேப்பாங்க. "வீடு எவ்வளவு உயரத்துல"ன்னு இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல. கார்ல போறோம்ன்னு சொன்னா சரின்னு விட்டுடுவாங்க. ஆனா விமானத்துக்குள்ள அழுத்தம் எவ்வளவு வைக்கிறாங்கன்னா, 6,000ல இருந்து 8,000 அடி உயரத்துல இருக்கிற அளவுக்கு. ஊட்டி 7,350 அடி. கார்ல ஊட்டி ஏறுறதும் ஃப்ளைட் ஏறுறதும் உங்க ரத்தத்துல கரைஞ்சிருக்கிற நைட்ரஜனுக்கு ஒண்ணு தான், அழுத்தம் குறைஞ்சா அது குமிழியா வெளிய வரும்.

டைவர்களோட பாதுகாப்பை பாக்குற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்றது: டிகம்ப்ரெஷன் ஸ்டாப் (மேல வர்ற வழில நைட்ரஜன் வெளியேற கட்டாயமா நிக்கிறது) இல்லாத ஒரே ஒரு டைவ்னா ஏறுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 மணி நேரம் காத்திருக்கணும், ஒரு நாளைக்கு பல டைவ், பல நாள் டைவ்னா 18 மணி நேரம், ஸ்டாப் போட்ட டைவ்னா அதுக்கும் நல்லா மேல. 2,000 அடிக்கு மேல 8,000 அடி வரைக்கும் போறதுக்கு இந்த கணக்கு, நம்ம ஊரெல்லாம் இதுக்குள்ள தான் வருது. எங்க செட்டுல எதுவா இருந்தாலும் 24ன்னு வெச்சுக்கிட்டோம், சண்டையே வராது. கீழ இறங்குறதுக்கு இந்த காத்திருப்பு எதுவும் வேண்டாம், ஏறுறதுக்கு மட்டும் தான்.

கணக்கு போட்டு பாருங்க. ஞாயித்துக்கிழமை காலைல 11 மணிக்கு கடைசி டைவ் முடியுது. சாப்பிட்டு 1 மணிக்கு பாண்டில கார் எடுத்தா ராத்திரி 9, 10க்குள்ள மேட்டுப்பாளையம், அப்படியே ஏறினா படுக்கும்போது குன்னூர்ல இருப்பீங்க, பதிமூணு மணி நேரம் கூட ஆகியிருக்காது. திங்கக்கிழமை ஆபீஸ் இருக்குன்னு பெரும்பாலானவங்க பண்றது இது தான். மேட்டுப்பாளையத்துல ரூம் போடுங்க, அது முன்னூறு மீட்டர் சில்லறை தான் உயரம், ஒண்ணும் ஆகாது. ஃபேனை போட்டு வெட்சூட்டை தொங்க விடுங்க, தூங்குங்க, மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு ஏறுங்க. கொடைக்கானல்காரங்களுக்கு வத்தலக்குண்டு. இதை கிளம்புறதுக்கு முன்னாடியே லீவோட சேர்த்து முடிவு பண்ணணும், பைல முதல்ல வைக்கிற சாமான் இது தான்.

மலை ஏறும்போது தோள்பட்டை வலி, கை மரமரப்பு, தோல்ல அரிப்பு

பஸ் சீட்டுல கோணலா உக்காந்ததுன்னு நினைச்சுக்காதீங்க. மேல சொன்ன நைட்ரஜன் குமிழியோட வேலையா இருக்கலாம், இதுக்கு டிகம்ப்ரெஷன் நோய்ன்னு பேரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்களோட வந்த தம்பி ஒருத்தன், ரெண்டு நாள்ல நாலு டைவ் பண்ணிட்டு அன்னைக்கு ராத்திரியே கிளம்பினோம், அப்ப எங்களுக்கு இந்த கணக்கு தெரியாது. பர்லியாறு தாண்டினதும் முழங்கைலயும் தோள்லயும் வலின்னான், பை தூக்கினதுன்னு தைலம் தேச்சு விட்டோம், காட்டேரி வரும்போது விரல் நுனி மரத்து போச்சுன்னு சொன்னான். அப்ப தான் வண்டிய திருப்பினோம்.

உங்களுக்கு நடந்தா பண்ண வேண்டியது: உடனே வண்டிய திருப்புங்க, வீடு பக்கத்துல தான் இருக்குன்னு ஏறாதீங்க, ஒவ்வொரு வளைவு ஏறும்போதும் குமிழி பெருசாகும். தேய்க்காதீங்க, தண்ணி குடிக்க குடுங்க, படுக்க வைங்க. 108க்கு கூப்பிட்டு ஆக்சிஜன் வேணும்ன்னு சொல்லுங்க. மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ, ஆஸ்பத்திரில முதல் வார்த்தையா "கடல்ல டைவ் பண்ணேன், எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு முடிச்சேன்"ன்னு சொல்லுங்க, கம்ப்யூட்டரை கைல குடுங்க, நாம சொல்லலைன்னா மலைல இருந்து வர்ற ஆளுக்கு இந்த நோய் இருக்கும்ன்னு எந்த டாக்டருக்கும் தோணாது. ஆக்சிஜன்ல வலி குறைஞ்சாலும் அதோட வீட்டுக்கு கிளம்பிடாதீங்க, பிரஷர் சேம்பர் (அழுத்தம் ஏத்தி வைத்தியம் பண்ற அறை) வேணுமான்னு டைவ் மருத்துவம் தெரிஞ்சவங்க முடிவு பண்ற வரைக்கும் கீழயே இருங்க. அந்த தம்பி ஏழு நாள் கோயம்புத்தூர்லயே இருந்துட்டு தான் மேல வந்தான். அதனால தான் கம்ப்யூட்டரை இப்ப பை அடில போடாம சட்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஏறுறோம்.